பழைய படம் ஸ்கான் பண்ணும்போது வரும் வில்லங்கங்கள்

வீட்டில் ஸ்கானரும் சேர்ந்த பிரின்டர் ஒன்று இருக்கிறது என்று ஊருக்குத் தெரிந்துவிட்டால் போதும், படம் கொண்டுவருபவர்களுக்குக் குறைவிருக்காது. கனடாவில் இருக்கும் மகள் கேட்கிறாள், திவசத்துக்குப் பெரிதாக்கிப் போட வேண்டும், முப்பத்தோராம் நாளுக்குக் கல்வெட்டு, அதாவது இறந்தவரின் நினைவுப் புத்தகம், அடிக்க வேண்டும் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு தேவை. கிளிநொச்சியில் எங்கள் விறாந்தையில் இருக்கும் பிரின்டர் அச்சடித்ததை விட ஸ்கான் பண்ணியதுதான் கூட.

வன்னியில் இந்த வேலைக்கு ஒரு தனிக் கவனம் வேண்டும். 1995இல் யாழ்ப்பாணத்தில் இருந்து இடம்பெயர்ந்து வந்தவர்கள், 2004 சுனாமியில் முல்லைத்தீவுக் கரையில் வீட்டை இழந்தவர்கள், 2009 வரை ஊர் ஊராக எழும்பி ஓடியவர்கள் கொண்டுவருவது பல நேரம் அவர்களிடம் மிஞ்சிய ஒரே படம். நெகட்டிவ் இல்லை, வேறு பிரதி இல்லை. அதனால் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு: படம் எந்த நிலையில் கைக்கு வந்ததோ அந்த நிலையிலேயே முதல் ஸ்கான். துடைப்பது, பிரிப்பது, நிமிர்த்துவது எல்லாம் அதற்குப் பிறகு.

பிரின்ட் வருகிறது, ஸ்கானரைக் காணவில்லை என்கிறது

இது பெரும்பாலும் டிரைவர் பிரச்சினை, அதாவது பிரின்டரைக் கம்பியூட்டரோடு பேசவைக்கும் மென்பொருளின் பிரச்சினை. வயரைக் குத்தியவுடன் விண்டோஸ் தானாகவே ஒரு டிரைவரைப் போட்டுக்கொள்ளும். அது சில வேளை அச்சடிக்கும் பகுதியை மட்டும் போட்டுவிட்டு இருந்துவிடும். பிரின்டரின் மொடல் எண்ணைப் பார்த்து, அந்த நிறுவனத்தின் தளத்தில் இருந்து முழுத் தொகுப்பையும் இறக்கிப் போடுங்கள். அதற்குப் பிறகும் அந்த நிறுவனத்தின் செயலி முரண்டு பிடித்தால் நாப்ஸ்2 என்ற இலவச மென்பொருளை முயன்று பாருங்கள். எனக்கு அதுதான் கைகொடுக்கிறது.

வைஃபையில் தேடி அலைய வேண்டாம். மலிவான பிரின்டர்கள் பல 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையை மட்டும்தான் பிடிக்கும், ரவுட்டர் 5இல் நின்றால் ஒன்றையொன்று தெரியாது. யூஎஸ்பி வயர் ஒன்று வாங்கிக் குத்திவிட்டால் அந்தத் தலையிடி முடிந்தது. இன்னொன்று, சில இயந்திரங்கள் மை முடிந்தால் ஸ்கான் பண்ணவும் மறுக்கும். ஸ்கானுக்கும் மைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள், எனக்கும் அதே எரிச்சல்தான்.

பாதியில் நின்றுவிடுகிறது

கண்ணாடி முழுவதையும் 1200 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 1200 புள்ளி என்று, எடுக்கச் சொல்லியிருப்பீர்கள். ஏ4 அளவு முழுக்க 1200இல் நிறத்தோடு எடுத்தால், சுருக்காத கோப்பு 400 எம்பிக்கு மேல் போகும். பழைய லப்டொப் மூச்சுத் திணறும். முதலில் பிரிவியூ பார்த்து, படம் இருக்கும் இடத்தை மட்டும் பெட்டி போட்டுத் தெரிவு செய்யுங்கள்.

எவ்வளவு டிபிஐ வேண்டும்? 4×6 அங்குலப் படத்துக்கு 600 போதும். 3600×2400 புள்ளி கிடைக்கும், சுருக்காமல் சேமித்தாலும் 26 எம்பிதான். அடையாள அட்டை, பாஸ்போட் சைஸ் படங்களுக்கு 1200 வையுங்கள், ஏனென்றால் அவற்றைத்தான் பிறகு சுவரில் மாட்டப் பெரிதாக்குவார்கள். பெட்டியில் 4800, 9600 என்று அச்சடித்திருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். ஸ்கானர் உண்மையில் பார்க்கும் ஒளியியல் அளவுக்கு மேலே வருவதெல்லாம் மென்பொருள் இடையில் நிரப்புவது.

நீளக் கோடு விழுகிறது

முதலில் கோடு எங்கே பிறக்கிறது என்று பாருங்கள். கொப்பி எடுத்த தாளில் மட்டும் கோடு, கம்பியூட்டரில் சேமித்த ஸ்கானில் இல்லை என்றால், அது மை வரும் தலையின் பிரச்சினை. ஸ்கானரைக் குற்றம் சொல்லாதீர்கள். மேலே தாள் இழுக்கும் தட்டால் போகும்போது மட்டும் கோடு வந்தால், அதற்கென்று பக்கத்தில் உள்ள ஒடுங்கிய கண்ணாடித் துண்டில் ஒரு சின்ன அழுக்கு ஒட்டியிருக்கும். எப்படியும் பழைய படத்தை அந்தத் தட்டால் விடவே கூடாது. உருளைகள் மடக்கிக் கசக்கிவிடும்.

பெரிய கண்ணாடியில் வைத்து எடுத்தும் கோடு என்றால், ஸ்கான் தொடங்கும் ஓரத்தை நன்றாகத் துடையுங்கள். அந்தச் சட்டத்துக்கு அடியில் ஒரு வெள்ளைப் பட்டி இருக்கும். ஒவ்வொரு முறையும் ஸ்கானர் அதைப் பார்த்துத்தான் எது வெள்ளை என்று கணக்கு வைக்கிறது. அந்த இடத்தில் ஒரு தூசி நின்றால் அதன் பிழை படம் முழுக்க நீளமாக இழுபடும். அழுக்கு கண்ணாடிக்கு உள்பக்கம் என்றால் திருத்துபவரிடம் கொடுங்கள். ஒருமுறை நானே திறந்து, திரும்பப் பூட்டியபோது இரண்டு ஆணி மிச்சம்.

புள்ளி, மயிர், வெள்ளைப் பொட்டு

இது எங்கள் நாட்டு நோய். வீதியில் ஒரு டிப்பர் போனால் கிரவல் தூசி வீட்டுக்குள் வந்து இருந்துவிட்டுத்தான் போகும். கோடையில் காலையில் துடைத்த கண்ணாடியில் மத்தியானம் விரலால் பெயர் எழுதலாம். நான் ஸ்கான் வேலையை விடியவே செய்கிறேன், காற்று எழும்ப முன். மின்விசிறியை நிறுத்தி, வீதிப்பக்க யன்னலைச் சாத்திவிட்டு.

கண்ணாடியைத் துடைக்க, பலமுறை தோய்த்துப் பழசான பருத்தித் துணி நல்லது. கஞ்சி போட்ட வேட்டித் துண்டு வேண்டாம். புதினத்தாள், ரிஷ்யூத் தாள் இரண்டும் நார் விடும். தண்ணீரையோ கிளீனரையோ நேரே கண்ணாடியில் தெளித்தால் ஓரத்தால் உள்ளே இறங்கும். துணியில் ஒரு துளி விட்டுத் துடைத்து, காய்ந்த துணியால் திரும்பவும் ஒருமுறை. மூடியின் உள்பக்க வெள்ளை மெத்தையையும் மறக்க வேண்டாம், தூசி அங்கேதான் குடியிருக்கும்.

ஆனால் படத்தை அப்படித் துடைக்கக் கூடாது. கிரவல் தூசி என்பது சின்னச் சின்னக் கல். துணியால் ஒரு இழுப்பு இழுத்தால் முகத்துக்குக் குறுக்கே கீறல் விழும். படத்தைச் சரித்துப் பிடித்து, ஊதும் ரப்பர் பந்தால் ஊதுங்கள். அது இல்லாவிட்டால் புதிய, மெல்லிய பெயின்ற் தூரிகையால் ஒரே பக்கமாக மெதுவாகத் தட்டுங்கள். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். பூஞ்சணம் பிடித்திருந்தால் ஈரம் காட்டவே வேண்டாம், பூஞ்சணம் தின்ற இடத்தில் படத்தின் மேற்பூச்சான ஜெலற்றின் கரைந்து, துணியோடு உரு முழுக்க வந்துவிடும்.

கறுப்புக் கோடு ஒன்று கால் முளைத்தமாதிரி நீளமாகத் தெரிந்தால் பதற வேண்டாம். ஸ்கான் ஓடும்போது எறும்பு ஒன்று விளக்கோடு சேர்ந்து நடந்திருக்கும். திரும்ப எடுங்கள்.

ஒரு பக்கம் தெளிவு, மறு பக்கம் மங்கல்

படம் வளைந்திருக்கிறது. வீட்டுப் பிரின்டர்களில் பெரும்பாலும் இருக்கும் சென்சர், கண்ணாடியோடு ஒட்டிய பொருளை மட்டும்தான் தெளிவாகப் பார்க்கும். கொஞ்சம் எழும்பினாலே மங்கிவிடும். மூடியின் மேல் ஒரு பழைய டயறியைப் பாரமாக வையுங்கள். அம்மிக்கல் வேண்டாம், கண்ணாடி வெடிக்கும்.

மாரி காலத்தில் படங்கள் இன்னும் மோசமாகச் சுருளும். அவற்றை இரண்டு வெள்ளைத் தாளுக்கு நடுவே வைத்து, தடித்த புத்தகத்துக்குக் கீழே நாலைந்து நாள் விடுங்கள். அயன் பண்ணுவோம் என்று சொல்பவரை அறைக்குள் விடாதீர்கள். உடைந்து வெடிப்பு விட்ட பழைய கறுப்பு வெள்ளைப் படங்களை அமத்தி நிமிர்த்தப் போகாமல், வளைந்தபடியே போன் கமராவால் எடுப்பதுதான் நல்லது.

படம் முழுக்க மங்கல், கண்ணாடி சுத்தம் என்றால், கண்ணாடிக்குக் கீழே புகைபோல் ஈரம் படிந்திருக்கலாம். பிரின்டரைப் போட்டு அரை மணித்தியாலம் விட்டுவிட்டுத் திரும்பப் பாருங்கள்.

படம் பிரேம் கண்ணாடியோடு ஒட்டிவிட்டது

இதைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல வேண்டும். மழை ஒழுகிய கொட்டில், தறப்பாள், வெள்ளம் எல்லாம் கண்ட படங்கள் இப்படித்தான் வரும். 2018 மார்கழி வெள்ளத்துக்குப் பிறகு கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் இது இன்னும் கூடியது. படத்தின் மேற்பூச்சு ஜெலற்றின். ஈரம் பட்டால் ஊதிப் பசையாகும், காயும்போது எது தொட்டுக்கொண்டு இருக்கிறதோ அதோடு சேர்ந்து இறுகும். இழுத்தால் காகிதம் உங்கள் கையில், முகம் கண்ணாடியில்.

பக்கத்து ஒழுங்கை மாமி ஒரு நாள் சொப்பிங் பை ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு வந்து இருந்தார். உள்ளே துவாய், துவாய்க்குள் ஒரு உடைந்த பிரேம், அதன் கண்ணாடியோடு ஒட்டிய ஒரு பெடியனின் படம். பள்ளிக்கூட வெள்ளைச் சேட்டு, ஒரு மூலையில் காவி நிறத்தில் பெரிய கறை. நான் பழக்கதோஷத்தில் தூரிகையை எடுத்தேன். "தம்பி, அந்தக் கறையைத் தொடாத. அது நாங்கள் தாட்டு வச்ச இடத்து மண்" என்றார். அன்றைக்குத் தூரிகையைக் கீழே வைத்தேன். துடைக்காமல் ஒன்று முதலில் எடுக்க வேண்டும் என்ற பிடிவாதம் எனக்கு வந்தது அந்த மேசையில்தான்.

செய்முறை இதுதான். ஒட்டிய படத்தைப் பிரிக்காதீர்கள், ஊறப்போடாதீர்கள். ஸ்கானரில் வைத்தால் பிரேம் கண்ணாடியின் தடிப்பால் மங்கும், மேலே சொன்ன அதே காரணம். இந்த இடத்தில் ஸ்கானரை விட போன் கமரா மேல். காலை எட்டு ஒன்பது மணிக்கு விறாந்தை நிழலில், வெயில் நேரே படாத இடத்தில், படத்தைக் கிடையாக வையுங்கள். கறுப்புச் சீலையில் போனின் லென்ஸ் அளவுக்கு ஓட்டை வெட்டி, அதற்குள்ளால் எடுங்கள். கண்ணாடியில் உங்கள் முகமும் கூரைத் தகடும் விழாது. பிளாஷ் வேண்டாம். போனைக் கிட்டக் கொண்டுபோகாமல், கொஞ்சம் உயர்த்தி இரண்டு மடங்கு சூமில் எடுத்தால் ஓரங்கள் வளையாது.

ஒட்டும் பசை பூசிய அல்பத்தில் சிக்கிய படங்களும் இதே சாதி. மேல் பிளாஸ்ரிக்கை மட்டும் உரித்து, பக்கத்தோடு சேர்த்தே கவிழ்த்து ஸ்கான் பண்ணுங்கள். மூடி மூடாது, அதனால் மேலே ஒரு கறுத்தத் துணியால் போர்த்துங்கள், இல்லாவிட்டால் ஓரத்தால் வெளிச்சம் ஒழுகும். பிரித்தே ஆக வேண்டும் என்றால், ஸ்கான் கோப்பைத் திறந்து சரி பார்த்த பிறகு, தையல் நூலைப் படத்துக்குக் கீழே விட்டு அறுக்கும்மாதிரி மெதுவாக இழுங்கள். நின்றால் நிற்பாட்டுங்கள்.

முகம் முழுக்கத் தேன்கூடு, அல்லது வலை

இரண்டும் ஒன்றுபோல் தெரியும், நோய் வேறு. விரலால் தடவினால் சொரசொரப்பு இருக்கிறதா? அது எழுபது, எண்பதுகளில் ஸ்ரூடியோக்கள் விரும்பிப் பாவித்த அழுத்துக் காகிதம். ஸ்கானர் விளக்கு ஒரு பக்கத்தால் சரிவாக அடிப்பதால் ஒவ்வொரு சின்னப் பள்ளமும் நிழல் விடுகிறது. படத்தை 90 பாகை திருப்பி ஒன்று, 180 திருப்பி ஒன்று எடுத்து, குறைவாகத் தெரிவதை வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் சரிவராவிட்டால் விறாந்தை நிழலில் போன்.

வழவழப்பாக இருந்தும் வலை தெரிந்தால், நீங்கள் ஸ்கான் பண்ணுவது படம் அல்ல, அச்சு. பத்திரிகை மரண அறிவித்தல், நினைவுமலர், கல்வெட்டு எல்லாம் சின்னச் சின்னப் புள்ளிகளால் ஆனவை. அந்தப் புள்ளி வரிசையும் ஸ்கானரின் வரிசையும் மோதும்போது வலை பின்னும். பலருக்கு ஒரு சொந்தக்காரரின் முகம் கல்வெட்டில் மட்டும்தான் மிச்சம் என்பதால் இது அடிக்கடி வரும். செற்றிங்கில் டீஸ்கிரீன் என்று ஒரு தெரிவு இருக்கும், அதைப் போடுங்கள். இல்லாவிட்டால் 600இல் எடுத்து, கொஞ்சமாக மங்கலாக்கி, பாதி அளவுக்குச் சுருக்குங்கள். அசல் படத்துக்கு டீஸ்கிரீனைப் போட்டுவிடாதீர்கள், கண் இமை எல்லாம் கரைந்து போகும்.

நிறம் பிழை

எண்பதுகளின் கலர்ப் படங்கள் பல செம்பருத்திச் சாறு ஊற்றினமாதிரி சிவந்திருக்கும். அது ஸ்கானரின் பிழை இல்லை, படத்தில் உள்ள மூன்று சாயங்களில் நீலப்பச்சைச் சாயம் முதலில் இறந்துவிட்டது. ஸ்கானரின் தானியங்கி நிறத்திருத்தத்தை நிறுத்திவிட்டு உள்ளபடி எடுங்கள். பிறகு கிம்ப் என்ற இலவச மென்பொருளில் லெவல்ஸ் பகுதியைத் திறந்து சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றையும் தனித்தனியே இழுத்தால், சீலையின் பச்சை திரும்பி வருவதைப் பார்க்கலாம்.

கறுப்பு வெள்ளைப் படத்தையும் கலரிலேயே ஸ்கான் பண்ணுங்கள். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. தேத்தண்ணிக் கறை, மண் கறை, மஞ்சளடித்தது எல்லாம் ஸ்கானின் மூன்று நிற அடுக்குகளில் நீல அடுக்கில், அதாவது நீலச் சானலில்தான் கறுப்பாகத் தெரியும், சிவப்புச் சானலில் ஏறக்குறைய மறைந்துவிடும். சிவப்பை மட்டும் எடுத்துக் கறுப்பு வெள்ளையாக்கினால் கறையில் பாதிக்கு மேல் போயிருக்கும், அசலில் ஒரு விரலும் படாமல். யாரோ நீலப் பேனையால் கீறியிருந்தால் தலைகீழ், நீலச் சானலைப் பாருங்கள். கறுத்த இடங்கள் கண்ணாடிபோல் பளபளத்து நீலம் காட்டினால் அது படத்தில் உள்ள வெள்ளி மேலே எழும்பியது. படத்தை 90 பாகை திருப்பி வைத்து எடுத்தால் கொஞ்சம் குறையும்.

முகம் தெளிவு, ஆனால் ஆள் வேறு

இப்போது புதிதாக வரும் முறைப்பாடு. போனில் ஒரு செயலி, பழைய படத்தைக் கொடுத்தால் புதிதாக்கித் தரும். தோல் பளிச்சென்று, பல் வரிசையாக, கண் மின்ன. வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "இது எங்கட ஆள் இல்லையே" என்பார். அவர் சொல்வது சரி. படத்தில் இல்லாத விபரத்தை அந்தச் செயலி எடுத்துத் தரவில்லை, வேறு ஆயிரம் முகங்களைப் பார்த்த பழக்கத்தில் ஊகித்து வரைந்திருக்கிறது. கீறல் மறைக்கப் பாவியுங்கள், முகத்தில் கைவைக்க விடாதீர்கள். காணாமல்போன ஒருவரைத் தேடக் கொடுக்கும் படத்துக்கு அறவே வேண்டாம்.

ஓரம் வெட்டுப்படுகிறது, படங்கள் ஒன்றாகச் சேர்கின்றன

வெள்ளை ஓரமுள்ள படத்தை வெள்ளை மூடியின் கீழ் வைத்தால் மென்பொருளுக்கு எல்லை தெரியாது. மேலே ஒரு கறுப்புத் தாள் வையுங்கள். பின்பக்க எழுத்து முன்னால் ஊறித் தெரிவதும் அதோடு நிற்கும். ஏ4 கண்ணாடியில் 4×6 படம் மூன்றுக்கு மேல் போகாது. இடைவெளி விட்டு இரண்டு வைத்தால் தானாகப் பிரித்து எடுக்கும், மூன்றாவதில் பேராசைப்பட்டால் மூன்றும் ஒரே கோப்பாக வரும்.

பின்பக்கத்தையும் ஒரு ஸ்கான் எடுங்கள். ஸ்ரூடியோ முத்திரை, பெயர், "பெரியக்கா வீட்டுப் பொங்கல்" என்று பென்சிலில் எழுதியது எல்லாம் அங்கேதான். முன்பக்கம் மூலையில் செம்மஞ்சளில் அடித்திருக்கும் திகதியை மட்டும் நம்ப வேண்டாம், அந்தக் கமராக்களில் பற்றரி மாற்றிய பிறகு திகதியைத் திருத்தியவர் மிகக் குறைவு.

வெளிநாட்டில் மங்கலாகத் தெரிகிறதாம்

நீங்கள் 600இல் கஷ்டப்பட்டு எடுத்ததை வட்ஸ்அப் சுருக்கிவிட்டது. படமாக அனுப்பாமல், இணைப்புக் குறியை அழுத்தி டொக்கியூமன்ட் என்று தெரிவு செய்து அனுப்புங்கள். கோப்பு குறையாமல் போகும். அனுப்புவதற்கு உயர் தர ஜேபெக், வீட்டில் வைத்துக்கொள்ளத் தரம் குறையாத டிஃப். பென்ட்ரைவ் ஒன்றிலும் ஒரு பிரதி போட்டு, படம் கொண்டுவந்தவரிடமே கொடுத்துவிடுங்கள்.

மாமிக்கு அப்படித்தான் கொடுத்தேன். பென்ட்ரைவைத் துவாய்க்குள் பிரேமோடு சேர்த்துச் சுற்றி, அதே சொப்பிங் பையில் வைத்து முடிச்சுப் போட்டுக்கொண்டு போனார்.